பெட்டியை அளந்தீர்கள், சுவரை அளந்தீர்களா?

கேள்வி: மயிலாடுதுறை பக்கம் எங்கள் வீடு. 1996-இல் கட்டியது. நான் ஓய்வுபெற்ற செவிலியர். கணவரும் ஓய்வுபெற்றுவிட்டார். மாமியாருக்கு 83 வயது, எங்களோடுதான் இருக்கிறார். மகன் சென்னையில் இருக்கிறான். மாதம் ஒருமுறை மூவருமாகப் போய் நாலைந்து நாள் தங்கிவிட்டு வருகிறோம். என்னுடையதும் மாமியாருடையதுமாக 45 பவுன் நகையும் நிலப் பத்திரங்களும் பீரோவில் இருக்கின்றன. வங்கியில் லாக்கர் கேட்டால் காலி இல்லை என்கிறார்கள். கணவர் ஆன்லைனில் எண் பூட்டு வைத்த லாக்கர் ஒன்று வாங்கிவிட்டார். 14 இஞ்ச் அகலம், 10 உயரம், 10 ஆழம், எடை 12 கிலோ. படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவரில் அரை நாளில் பதித்துவிடலாம் என்கிறார் கொத்தனார். கன்னி மூலை அறையில் வடக்குப் பார்த்து இருக்க வேண்டும் என்கிறார் மாமியார். அந்த அறையில் தெற்குச் சுவரை ஒட்டிக் கடப்பா கல் தட்டுப் போட்ட பழைய அலமாரி இருக்கிறது, 18 இஞ்ச் ஆழம், துணி வைத்திருக்கிறோம். லாக்கரை எங்கே, எப்படிப் பதிப்பது? வீட்டில் இவ்வளவு நகை இருந்தால் வருமான வரித் தொந்தரவு வருமா?

பதில்: வணக்கம் அம்மா. பெட்டியின் மூன்று அளவையும் எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குப் பெரிய உதவி. ஆனால் கொத்தனார் காட்டிய சுவரின் கனம் கடிதத்தில் இல்லை. இருபத்தெட்டு வருடமாகக் கட்டட வேலையில் இருக்கிறேன், சுவர்ப் பெட்டகம் பதிக்கும் வேலைக்கு நிறையப் போயிருக்கிறேன். எல்லோரும் பெட்டியைத்தான் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். அதைத் தாங்கப் போகிற சுவரை யாரும் டேப் வைத்துப் பார்ப்பதில்லை. உங்களிடம் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: அந்தச் சமையலறைச் சுவரில் உளி வைக்க விடாதீர்கள்.

காரணம் சொல்கிறேன். 1990-களில் நம் பக்கம் கட்டிய வீடுகளில் வெளிச்சுவர் ஒன்பது இஞ்ச், உள்ளே அறையைத் தடுக்கும் சுவர் பெரும்பாலும் நாலரை இஞ்ச். கதவு நிலைப் பக்கம் டேப்பை வைத்தால் தெரிந்துவிடும். இரண்டு பக்கப் பூச்சையும் சேர்த்து ஐந்தரை இஞ்சுக்குள் வந்தால் அது நாலரை இஞ்ச் சுவர். உங்கள் பெட்டியின் ஆழம் பத்து இஞ்ச். ஒன்பது இஞ்ச் சுவராகவே இருந்தாலும் பூச்சோடு சேர்த்துப் பத்துதான் வரும். பெட்டியை உள்ளே தள்ளினால் அதன் முதுகு சமையலறையில் எட்டிப் பார்க்கும். கொத்தனார் அதன் மேல் ஒரு பூச்சுப் பூசி, முன்னால் ஒரு காலண்டரை மாட்டிவிட்டுப் போவார். அரை நாள் வேலை என்று அவர் சொல்வது இதைத்தான்.

அப்படிச் செய்த ஒரு வீட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். திருட்டுப் போன மறுநாள் சுவரைச் சரிசெய்யக் கூப்பிட்டிருந்தார்கள். படுக்கையறையில் பெட்டி இருந்த இடத்துக்கு முன்னால் மாட்டியிருந்த முருகன் படம் கொஞ்சமும் அசையாமல் அப்படியே இருந்தது. படத்துக்குப் பின்னால் வெறும் ஓட்டை, அதன் வழியாகச் சமையலறை வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். அரிசி டிரம்மை நகர்த்திவிட்டு, முக்கால் இஞ்ச் பூச்சைக் கடப்பாரையால் தட்டிப் பெயர்த்து, பெட்டியைப் பின்பக்கமாக அப்படியே உருவிக்கொண்டு போயிருந்தார்கள். பூட்டை யாரும் தொடக்கூட இல்லை. அந்த அம்மா ஓட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, செங்கல் தூளைக் கையால் ஒதுக்கி ஒதுக்கி எதையோ தேடிக்கொண்டிருந்தார். அதன் பிறகு, எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரின் மறுபக்கத்தை முதலில் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. உங்கள் கணவர் வாங்கியது சுவரில் பதிக்கும் ரகம் இல்லை. சுவர்ப் பெட்டகம் என்று தனியாகச் செய்கிறார்கள். ஆழம் குறைவாக இருக்கும், முகப்பில் சுற்றிலும் ஒரு பட்டை வெளியே நீண்டு உடைத்த சுவரின் விளிம்பை மூடும். உங்களுடையது அலமாரிக்குள் வைத்துப் போல்ட் அடிக்கிற ரகம். திருப்பிப் பாருங்கள், முதுகில் இரண்டு ஓட்டையும் அடியில் இரண்டு ஓட்டையும் இருக்கும். போல்ட் அடிக்காமல் வைத்தால் 12 கிலோ பெட்டியை ஒரு ஆள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவான். வீட்டில் உட்கார்ந்து உடைக்க வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. அதனால் உங்கள் வீட்டில் செய்ய வேண்டிய வேலை, இந்தப் பெட்டியைத் தூக்க முடியாதபடி செய்வது.

அதற்கு உங்கள் மாமியார் சொன்ன இடமே சரியாக வருகிறது. வாஸ்துவுக்குள் நான் போகவில்லை, அது உங்கள் நம்பிக்கை. கட்டடக் கணக்கில் பார்த்தாலும் அந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் டெல்டாவில் பெருமழை வடகிழக்கிலிருந்து வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சாரல் வந்து அறைவது வடக்குச் சுவரிலும் கிழக்குச் சுவரிலும்தான். தெற்குச் சுவர் அவ்வளவாக நனைவதில்லை. அதோடு, 18 இஞ்ச் ஆழ அலமாரி என்றால் அது சுவரைக் குடைந்து செய்ததாக இருக்க முடியாது, வெளிச்சுவருக்கு முன்னால் பக்கச்சுவர் எழுப்பிக் கட்டியதாகத்தான் இருக்கும். அப்படியானால் பின்னால் ஒன்பது இஞ்ச் சுவர் முழுசாக இருக்கிறது. எதையும் உடைக்க வேண்டாம். இருக்கிற அலமாரியில் ஒரு மூலையை மட்டும் செங்கல்லும் காங்கிரீட்டும் போட்டு நிரப்பிவிட்டால் போதும்.

ஒரே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அலமாரிக்குள்ளே இருக்கும் ஆழத்தையும், அறையின் உள்பக்கம் அலமாரி எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்பதையும் அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். துருத்தலைவிட உள் ஆழம் அதிகமாக இருந்தால், கட்டும்போது முதுகில் நாலரை இஞ்ச் சுவரை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் குடைந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போதும் வேலையைச் செய்யலாம், பின்பக்கம் வெல்ட்மெஷ் கம்பி வலை ஒன்றை வைத்துக் காங்கிரீட் போட வேண்டியிருக்கும்.

இனி வேலையைச் சொல்கிறேன். கொத்தனாரிடம் இதை அப்படியே படித்துக் காட்டலாம்.

அலமாரியின் இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம் அறையின் மூலையை ஒட்டி இருக்கிறதோ அந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைக் கடப்பா கல்லின் மேல் நேரடியாக வைத்துக் காங்கிரீட் போடக் கூடாது. சுற்றிலும் காங்கிரீட் சேர்ந்தால் எடை நூறு கிலோவைத் தாண்டிவிடும், ஒன்றரை இஞ்ச் கல் அதைத் தாங்காது. அதனால் பெட்டி உட்காரும் தட்டு வரை, பெட்டி வரப்போகிற அகலத்துக்குத் தரையிலிருந்து செங்கல் கட்டி, கல்லுக்கு இடைவெளி இல்லாமல் முட்டுக் கொடுக்க வேண்டும். உங்கள் பக்கம் களிமண் பூமி, நிலத்தடி நீரும் மேலே இருக்கும். சுவர் அடியிலிருந்து ஓதம் ஏறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். செங்கல்லின் முதல் வரிசைக்கு அடியில் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை விரித்து, அதன் மேல் நீர்த்தடுப்பு மருந்து கலந்த 1:3 சிமெண்ட், மணல் கலவையைப் போடச் சொல்லுங்கள். பெட்டி இரண்டாவது தட்டின் உயரத்தில், அதாவது தரையிலிருந்து இரண்டரை அடிக்கு மேல் உட்கார வேண்டும். வெள்ளத் தண்ணீர் ஒரு அடி உள்ளே வந்தாலும் பத்திரம் நனையாது. மாமியாரும் நாற்காலியில் உட்கார்ந்தபடி திறக்கலாம்.

பெட்டியை வைக்கும் முன், வெளிப்பக்கத் தகடு முழுவதும் ரெட் ஆக்ஸைடு இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். மெல்லிய தகடு, ஈரச் சிமெண்டுக்குள் இருக்கப் போகிறது. முதுகிலும் அடியிலும் இருக்கிற நாலு ஓட்டையிலும் 10 மில்லிமீட்டர் கம்பியை எல் வடிவில் வளைத்து, ஒரு முனையில் மரை போட்டு உள்ளே நட்டு முடுக்கவும். வளைந்த முனை வெளியே, காங்கிரீட்டுக்குள் போக வேண்டும். அடியில் இருக்கும் கம்பிகளுக்கு இடம் வேண்டுமே என்பதற்காக, பெட்டிக்குக் கீழே மூன்று இஞ்ச் காங்கிரீட் வருகிற மாதிரி உயரத்தை முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அலமாரிக் கதவுக்கு இரண்டு இஞ்ச் உள்ளே தள்ளிப் பெட்டியின் முகம் இருக்கட்டும். 18 இஞ்சில் இரண்டும் பத்தும் போக, முதுகுக்குப் பின்னால் ஆறு இஞ்ச் காங்கிரீட் கிடைக்கிறது. எந்தப் புதுச் சுவரிலும் இது கிடைக்காது.

மறுபக்கம் நாலரை இஞ்சுக்கு ஒரு குட்டிச் சுவர் எழுப்பி, பெட்டிக்கும் அதற்கும் நடுவில் இரண்டு மூன்று இஞ்ச் விட வேண்டும். அந்த இடைவெளியிலும் மேலேயும் பின்னாலும் காங்கிரீட் போகும். சிமெண்ட், மணல், ஜல்லி அளவு 1:1½:3, ஜல்லி அரை இஞ்ச் சிப்ஸ். பெரிய ஜல்லி இந்தச் சந்துக்குள் இறங்காது, உள்ளே பொந்து விழும். தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கூழாக்கி ஊற்றினால் வேலை சுலபம்தான், ஆனால் காங்கிரீட் பலம் பெறாது. நாலு இஞ்சுக்கு ஒரு முறை போட்டு, கம்பியால் குத்திக் குத்தி இறக்கட்டும்.

இங்கேதான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். இந்த மாதிரிப் பெட்டியின் உடல் தகடு இரண்டு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். ஈரக் காங்கிரீட்டின் பாரத்தில் பக்கவாட்டில் ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச், உள்ளே வளைந்தால் போதும், கதவு பிடித்துக்கொள்ளும். காங்கிரீட் இறுகிய பிறகு அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. அதனால் பெட்டிக்குள் மர ரீப்பர் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கமாக முட்டுக் கொடுத்துவிட்டு ஊற்ற வேண்டும். ரசமட்டத்தை மேலே ஒரு முறை, முகப்பில் நெட்டுக்குத்தாக ஒரு முறை வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கு போட்டதும் கதவை ஒரு தடவை மூடித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எண் பலகையையும் சாவித் துவாரத்தையும் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். கீல் இருக்கும் பக்கம் பெட்டியின் உடல் அரை இஞ்ச் வெளியே தெரியட்டும், பூச்சு அதன் மேல் ஏறினால் கதவு முழுசாகத் திறக்காது. வேலை தொடங்கும் முன்பே பெட்டியை அந்த இடத்தில் சும்மா வைத்து, அலமாரிக் கதவும் பெட்டிக் கதவும் ஒன்றோடொன்று இடிக்காமல் திறக்கின்றனவா என்று பாருங்கள். ஒருவர் வீட்டில் இதைப் பார்க்காமல் விட்டு, அலமாரிக் கதவையே கழற்றிப் போட வேண்டி வந்தது.

மேல்பக்கத்தை மூடியபின் ஏழு நாள் தண்ணீர் விட்டு ஈரமாக வைக்கவும். ரீப்பர் துண்டுகளை மூன்றாம் நாள் எடுத்துவிடலாம். நகையையும் காகிதத்தையும் மட்டும் உடனே வைக்காதீர்கள். புதுக் காங்கிரீட் ஒரு மாதத்துக்கு ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும்.

காகிதம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பெட்டிக்குள் வெல்வெட் துணியும் பிளைவுட்டும் போட்டு அலங்கரிக்க வேண்டாம். பெட்டிக்கும் செங்கல்லுக்கும் நடுவில் மரத்துண்டு எதையும் விட்டுவைக்கவும் வேண்டாம். கரையான் அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும்.

இப்போது பூட்டுக்கு வருவோம். பதிக்கும் முன் உங்கள் பெட்டியை ஒரு சோதனை செய்து பாருங்கள். எண் பூட்டில் இரண்டு விதம் இருக்கிறது. சிலவற்றில் உள்ளே ஒரு சின்ன மோட்டார் பூட்டை நகர்த்தும். மலிவானவற்றில் ஒரு ஸ்பிரிங் வைத்த ஊசிதான் பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதிர்ச்சிக்கு அது விலகக் கூடும். பூட்டிவிட்டு, மேலே உள்ளங்கையால் நாலைந்து தடவை ஓங்கித் தட்டிக்கொண்டே குமிழைத் திருப்பிப் பாருங்கள். திறந்துகொண்டால் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள். இத்தனை காங்கிரீட் வேலை அந்தக் கதவுக்கு வீண். வேறு வாங்குவதானால் கதவுத் தகடு ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாமலும், தாழ்த்தண்டு மோட்டாரால் நகர்வதாகவும், அவசரச் சாவி உள்ளதாகவும் பாருங்கள். ஐஎஸ் 550 என்ற இந்தியத் தர எண்ணோடு வருபவை நகைக்கடைக்காரர்கள் வைக்கும் கனமான இரும்புப் பெட்டிகள். அவ்வளவு உங்களுக்குத் தேவைப்படாது.

கைரேகைப் பூட்டை நான் பரிந்துரைப்பதில்லை. 83 வயதில் ரேகை தேய்ந்திருக்கும். பாத்திரம் தேய்க்கிற கை, மஞ்சள் பூசுகிற கை, ஈரக்கை எதையும் அது சுலபமாக ஒப்புக்கொள்ளாது. எண் பூட்டே போதும். எண்ணாகப் பிறந்த வருடத்தையும் வண்டி எண்ணையும் வைக்காதீர்கள். தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய எண்ணை, கொத்தனார் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகு, வீட்டு ஆட்கள் மட்டும் இருக்கும்போது மாற்றுங்கள். பேட்டரி நல்ல ஆல்கலைன் ரகமாக இருக்கட்டும், போகிக்குப் போகி மாற்றிவிடுங்கள். தேதி மறக்காது.

அவசரச் சாவியைப் பற்றி வற்புறுத்திச் சொல்ல வேண்டும். வாங்கிய அன்று அது பெட்டிக்குள்தான் ஒரு கவரில் இருக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று பலர் அதை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். பேட்டரி தீர்ந்த அன்று சாவி உள்ளே, நாம் வெளியே. ஒரு சாவியைச் சென்னையில் மகனிடம் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று வீட்டில் இருக்கட்டும், ஆனால் படுக்கையறையில் வேண்டாம். பீரோவுக்கு மேலும் தலையணைக்கு அடியிலும் எல்லோரும் தேடுவார்கள்.

எண் யாருக்குத் தெரிய வேண்டும்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மன்னியுங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டுக்குப் பெட்டகத்தை உடைத்துத் திறக்கப் போனேன். அதைப் பதித்ததும் நான்தான், அதனால்தான் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். எண் அவருக்கு மட்டும்தான் தெரியும். சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வங்கி வைப்புத் தொகை ரசீது, இன்சூரன்ஸ் பத்திரம் எல்லாம் உள்ளே. அந்த அம்மா எண் பலகைக்கு முன்னால் நின்று கல்யாண நாளைப் போட்டுப் பார்த்தார், மகள் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தார். மூன்று தடவை தவறினால் அது சிறிது நேரம் பூட்டிக்கொள்ளும். அந்த நேரம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், மறுபடி போடுவார். நான் டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் உடைத்துத்தான் திறந்தோம். “என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் சொன்னார். கதவைத் துளைத்ததைவிட அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பாரமாக இருந்தது.

அதனால் உங்களுக்கும் கணவருக்கும் எண் தெரிந்திருக்க வேண்டும். மகனுக்கும் சொல்லிவிடுங்கள். ஃபோனில் சொல்லாமல், நேரில் வரும்போது அவன் கையாலேயே ஒரு தடவை திறக்க வையுங்கள். கணவர் மட்டுமே திறப்பது என்ற வழக்கம் வேண்டாம். மாதம் ஒரு தடவையாவது நீங்கள் திறந்து மூடுங்கள், அப்போதுதான் விரல் மறக்காது.

தெரியக் கூடாதவர்களுக்குத் தெரியாமல் இருப்பதும் அதே அளவுக்கு முக்கியம். பெட்டி வந்த அட்டைப் பெட்டியை வாசலில் வைத்திருந்தால் இன்றே கிழித்துப் போடுங்கள். லாக்கர் படம் போட்ட அட்டையை வாசல் திண்ணையில் காயலான் கடைக்காரருக்காகச் சாத்தி வைத்திருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வேலையைத் தெரிந்த கொத்தனார் ஒருவரிடமே கொடுங்கள். வெள்ளையடிப்பு, அலமாரி மராமத்து என்று வேறு வேலையோடு சேர்த்துச் செய்தால் தெருவுக்கும் வித்தியாசமாகத் தெரியாது. வந்த உறவினருக்கெல்லாம் திறந்து காட்ட வேண்டாம். அலமாரியில் துணி வழக்கம்போல் தொங்கட்டும். ஊருக்குப் போகும்போது உள்ளூர்க் காவல் நிலையத்தில் பூட்டிய வீடு என்று தகவல் கொடுத்துவிட்டுப் போகலாம், ரோந்து வரும்போது பார்ப்பார்கள். பலருக்கு இது தெரிவதில்லை, தெரிந்தவர்களும் கூச்சப்பட்டுப் போவதில்லை.

இவ்வளவும் செய்தபிறகும் 45 பவுனையும் இதில் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த வீட்டுப் பெட்டகமும் திருடனுக்கு நேரத்தைத்தான் கூட்டும். நீங்கள் வீட்டில் இருக்கும்போது, அக்கம்பக்கம் விழித்திருக்கும்போது அந்த நேரம் போதும். நாலு நாள் பூட்டிக் கிடக்கிற வீட்டில் நேரத்துக்குப் பஞ்சமே இல்லை. தினமும் போடுகிற, கல்யாணம் காட்சிக்குப் போடுகிற பத்துப் பன்னிரண்டு பவுன் இங்கே இருக்கட்டும். மற்றது வங்கிக்குப் போகட்டும்.

லாக்கர் காலி இல்லை என்று வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதன்படி ஒவ்வொரு கிளையும் காத்திருப்போர் பட்டியல் வைத்திருக்க வேண்டும், விண்ணப்பத்தைப் பெற்றதற்கு ஒப்புகை கொடுக்க வேண்டும், பட்டியலில் உங்கள் எண்ணையும் சொல்ல வேண்டும். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்துக் கிளைகளிலும் கொடுத்து வையுங்கள். கிடைத்ததும் வாரிசு நியமனத்தை அன்றே எழுதிக் கொடுங்கள். வங்கியிலும் ஒரு வரம்பு உண்டு. திருட்டு, தீ, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் நஷ்டம் வந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். நகையின் மதிப்பு அதைவிடப் பல மடங்கு. தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் சொல்கிறேன், வீட்டைவிட அது பத்திரமான இடம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வருமான வரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 45 பவுன் என்றால் 360 கிராம். நேரடி வரிகள் வாரியம் 1994 மே 11 அன்று அதிகாரிகளுக்கு அனுப்பிய அறிவுறுத்தலின்படி, சோதனையின்போது மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 கிராம் வரையான நகைகளைப் பறிமுதல் செய்ய வேண்டியதில்லை. அதற்கு மேல் இருந்தாலும், வந்த வழிக்குக் கணக்கு இருந்தால் தவறில்லை. உங்கள் கணக்கில் பயப்பட ஒன்றுமே இல்லை. ரசீது இல்லாத பழைய நகைகளை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, ஒவ்வொன்றாக எடையோடு ஃபோட்டோ எடுத்து, யார் கொடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புது நகையில் ஹால்மார்க் முத்திரையோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி என்ற அடையாள எண் பொறித்திருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் காப்பீடு எடுத்தாலும், காவல் நிலையத்தில் புகார் கொடுக்க நேர்ந்தாலும் முதலில் கேட்பது இந்தப் பட்டியலைத்தான். காப்பீட்டில் நகைக்குத் தனியாகச் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள், வீட்டுக் காப்பீடு என்ற பெயரிலேயே நகையும் அடங்கிவிடாது.

பத்திரங்களுக்கு எனக்கு இருக்கிற கவலை வேறு. காகிதம் 180 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கருகத் தொடங்கிவிடும். சாதாரணத் தகட்டுப் பெட்டி தீயைத் தாங்காது. சுற்றிலும் காங்கிரீட் இருப்பது உதவும்தான், ஆனால் முன்கதவு வெறும் இரும்பு. மூலப் பத்திரம் போனால் காவல் நிலையப் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, நாளிதழ் விளம்பரம் என்று அலைய வேண்டும். அசல்களை நகையோடு வங்கி லாக்கருக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் நகல் வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். அதுவரை அசல் இங்கேதான் இருக்க வேண்டும் என்றால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள்.

இப்போது ஐப்பசி மழை நடக்கிறது, வேலையைத் தொடங்க வேண்டாம். அதற்குள் ஒரு சோதனை மட்டும் செய்து வையுங்கள். அலமாரியின் பின்சுவரில், பெட்டி வரப்போகிற இடத்தில், ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் ஷீட்டை வைத்து நாலு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவரில் ஓதம் இருக்கிறது. முதலில் வெளிப்பூச்சைச் சரிசெய்து நீர்த்தடுப்புப் பெயின்ட் அடித்துவிட்டுத்தான் பெட்டி. காய்ந்திருந்தால், தை பிறந்ததும் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அதுவரை ஊருக்குப் போகிற நாட்களில் நகையைப் பீரோவில் விட்டுப் போகாமல், கையோடு மகன் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள்.